பார்த்துப் போட்ட கையெழுத்து

“இது நீங்க போட்டதுதானே?”

விசாரணை அதிகாரி ஒரு தாளைத் திருப்பி மேசையில் வைத்தார். மேல் பாதியில் யாரோ எழுதிய கமெண்ட். அதன் கீழே ‘பார்த்தேன்’ என்று ஒரு சொல், தேதி, எதிரே உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரரின் முதலெழுத்துகள் இரண்டு.

“நான் போட்டதுதான்.”

“இது?”

“அதுவும்.”

பன்னிரண்டு தாள்கள். பன்னிரண்டிலும் ‘பார்த்தேன்.’ அதிகாரி பேனாவை மூடினார். பொத்தான் வாங்கப் போன இடத்தில் சட்டையே கிடைத்தவர் போல இருந்தது அவர் முகம்.

“மொத்தம் எத்தனை கமெண்ட்ல இப்படிப் போட்டிருக்கீங்க?”

“எல்லாத்துலயும்.”

“எல்லாத்துலயும்னா?”

“ஆறாயிரத்துச் சொச்சம் வரும்.”

“யாராவது போடச் சொன்னாங்களா?”

“இல்ல. பழக்கம்.”

“நல்ல பழக்கம்,” என்றார் அதிகாரி. “எங்களுக்கு.”

விசாரிக்கப்பட்டவர் முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். நாலு வருடம் முன்பு, தன்னைப் போன்ற மெக்கானிக்குகளுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். பெயர் ‘மெஷின் ரூம்.’ எந்த பிரேக் எதனால் ஒட்டுகிறது, எந்தக் கதவு மழை நாளில் அடம் பிடிக்கும், கடையை மூடிவிட்ட கம்பெனியின் பாகத்துக்குப் பதில் எதைப் போடலாம், இதுதான் பேச்சு. இருநூறு முந்நூறு பேர் வந்து போனார்கள். பாதி விஷயம், பாதி வம்பு.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டடத்தின் உச்சியில், மோட்டார் இருக்கும் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு கார்டு தொங்கும். ஏறிப் போகிறவன் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றும் செய்யாமல் இறங்கினாலும் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு ஒரே பொருள்தான்: ஒரு மனுஷன் வந்தான், கண்ணைத் திறந்து பார்த்தான். பார்க்காமல் போட்டவன் என்று ஒரு முறை பெயர் எடுத்தால் போதும். அப்புறம் அவனை ஏணி பிடிக்கக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள்.

தளம் தொடங்கியபோது அவர் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கால் மணி நேரம். ஒவ்வொரு கமெண்டாகப் படிப்பார். படித்ததன் கீழ் ‘பார்த்தேன்’ போடுவார்.

புதுச் சட்டம் போன வருடம் வந்தது. தளம் நடத்துகிறவருக்குத் தெரியாமல் வந்த பொய்க் கமெண்டுக்கு அவர் பொறுப்பில்லை. தெரிந்தும் ஒரு நாளுக்குள் நீக்கவில்லை என்றால், எழுதியவனுக்கு என்ன தண்டனையோ அது நடத்துகிறவருக்கும். அதுவரை பிடிபட்ட தளக்காரர்கள் எல்லாம் ‘நான் கவனிக்கவில்லை’ என்று கையை விரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். இவர் கவனித்ததை ஆறாயிரம் முறை எழுதி வைத்திருந்தார்.

வழக்குக்குக் காரணமான கமெண்ட் முதல் தாளில் இருந்தது. எழுதியவன் தன்னை ‘கிரீஸ் கை’ என்று சொல்லிக்கொண்டான்.

‘கண்ணாடிக் கட்டடம், இடது லிஃப்ட். துணி வச்சுப் பார்த்தேன், நாலு இடத்துல பிடிக்குது. கார்டு புதுசு, ரோப் பழசு. அங்க வேலையா போறவங்க படியேறிப் போறது நல்லது.’

லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றின் மேல் ஒரு கந்தல் துணியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினால், இழை அறுந்த இடத்தில் துணி மாட்டும். ஓரிடத்தில் மாட்டினால் கார்டில் எழுதி வைத்துக் கண்காணிக்கலாம். நாலு இடம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, கயிற்றை மாற்ற வேண்டும்.

கண்ணாடிக் கட்டடத்தின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனி புகார் கொடுத்தது. பொய்ச் செய்தி, மக்களிடம் பீதி. கிரீஸ் கையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. தளம் நடத்துகிறவர் விலாசத்தோடு கிடைத்தார்.

“கிரீஸ் கை யாரு?”

“தெரியாது.”

“தெரியாமயா பார்த்தேன்னு போட்டீங்க?”

“எழுதினதைப் பார்த்தேன். எழுதின ஆளைப் பார்க்கல.”

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். அன்று புதன்கிழமை.

லிஃப்ட்காரர் வீடு திரும்பியபோது ஒரு வக்கீல் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

லிஃப்ட்காரரின் மனைவி வீட்டின் முன்னறையில் துணி ஆல்டர் செய்து கொடுக்கிறவள். பெஞ்சில் குவிந்திருந்த பேண்டுகளை ஒதுக்கி வந்தவர்களுக்கு இடம் செய்திருந்தாள். வக்கீலுக்குப் பக்கத்தில் அவள் தம்பி, முழங்காலை ஆட்டிக்கொண்டு.

“வாங்க மாமா. கவலையே படாதீங்க. சார் பார்த்துக்குவார்.”

“சார் யாரு?”

“எனக்குத் தெரிஞ்சவர். இந்த மாதிரி கேஸ் கை வந்த கலை அவருக்கு.”

மைத்துனன் அந்தக் கம்பெனியில்தான் இருந்தான். ஒரு வருடமாக ஸ்டோர் அவன் பொறுப்பு. நட்டு முதல் ரோப் வரை அவன் கையெழுத்தில்லாமல் எதுவும் வெளியே போகாது.

“மாப்ளே, புகார் கொடுத்தது உங்க கம்பெனி. வக்கீலைக் கூட்டிட்டு வர்றது நீ.”

“கம்பெனி வேற, குடும்பம் வேற மாமா.”

“ரெண்டுல நீ எந்த மாடியில நிக்கற?”

மனைவி கத்தரியை வைத்தாள். “நல்லது செய்ய வந்தவனைக் குறுக்கு விசாரணை பண்ணாதீங்க. ஸ்டேஷன்ல வாங்கிட்டு வந்தது போதாதா?”

வக்கீல் பல் தெரியாமல் சிரித்தார். “விஷயம் ரொம்பச் சின்னதும்மா. சார் அந்தக் கமெண்டைப் படிக்கல.”

“படிச்சேன்,” என்றார் லிஃப்ட்காரர்.

“படிக்கல. யோசிச்சுப் பாருங்க. ஆறாயிரம் கமெண்ட். எந்த மனுஷன் உட்கார்ந்து படிப்பான்? கை அது பாட்டுக்குப் போட்டுட்டே போயிருக்கு.”

“ஒரு நாளைக்கு நாலஞ்சுதான் சார் வரும்.”

“அதைக் கோர்ட்ல சொன்னீங்கன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள இருக்கலாம். பார்க்காம போட்டேன்னு சொன்னா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். உங்க இஷ்டம்.”

“ஏங்க, சாயங்காலம் வீட்டுக்கு வர்றதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்றாள் மனைவி.

வக்கீல் போய் வெகு நேரம் கழித்துத்தான் லிஃப்ட்காரருக்கு ஒன்று உறைத்தது. ஒரு மணி நேரம் பேசிய மனிதர் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. அந்த ரோப் உண்மையில் எப்படி இருக்கிறது என்று.

ஞாயிற்றுக்கிழமை வாக்குமூலம் தட்டச்சாகி வந்தது. மைத்துனன் கொண்டுவந்தான்.

“மூணு இடத்துல கையெழுத்து மாமா. நாளைக்கே கொடுத்துட்டா நல்லது.”

“வச்சுட்டுப் போ. பார்த்துட்டுப் போடறேன்.”

“இதுல பார்க்க என்ன இருக்கு?”

முப்பது வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

இரண்டு முறை படித்தார். ஏதோ இடறியது. எது என்று பிடிபடவில்லை. தாளை மனைவியிடம் கொடுத்தார். அவள் ஒரு சட்டையின் தோள் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் காலரில் குத்தி வைத்துவிட்டு, உதடசையப் படித்தாள். பாதியில் நின்று, விரலை ஒரு வரியில் வைத்து, மேலே போய், திரும்ப வந்தாள்.

“‘என் முப்பதாண்டுப் பணிக்காலத்தில் பழகிய முறைப்படி, எதையும் சரிபாராமல் கையெழுத்திடுவது என் வழக்கம்.’ ஏங்க, நீங்க தளம் ஆரம்பிச்சு எத்தனை வருஷம்?”

“நாலு.”

“அப்போ முப்பது வருஷம் எதுக்கு இதுல?”

அவர் தாளை வாங்கினார்.

“மத்ததெல்லாம் ஒரே துணி,” என்றாள் அவள். “இந்த வரி மட்டும் வேற துணி. யாரோ அளவெடுத்து வெட்டி உள்ள வச்சுத் தச்சிருக்காங்க.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடிக் கட்டடத்தின் லிஃப்டுகளை முன்பு பதினோரு வருடம் பார்த்துக்கொண்டது அவர்தான். இரண்டு வருடம் முன்பு அந்த வேலை கம்பெனியின் கைக்குப் போனது. ஒப்படைத்த கடைசி நாளன்று மேலே ஏறி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கார்டில் எழுதினார்: ‘இடது லிஃப்ட் ரோப் தேய்மானம். துணி ஓரிடத்தில் பிடிக்கிறது. ஆறு மாதத்துக்குள் மாற்ற வேண்டும்.’ கீழே கையெழுத்து. கார்டுக்கு இரண்டு பிரதி. ஒன்று மெஷின் ரூம் கதவில், ஒன்று கட்டட ஆபீஸ் அலமாரியில். கதவில் இருந்ததை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டியிருக்கிறார்கள் என்று கிரீஸ் கையே எழுதியிருந்தான். அலமாரியில் இருப்பது?

“என்னங்க, வாயைத் திறந்து சொல்லுங்க.”

சொன்னார். அவள் கேட்டுவிட்டு மெதுவாகத் தலையாட்டினாள்.

“உங்க கையெழுத்துக்கு மதிப்பில்லன்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டா...”

“அந்தக் கார்டுக்கும் மதிப்பில்ல. ரோப் தேஞ்சிருக்குன்னு ஒருத்தன் அப்பவே சொன்னான்னு யாரும் நிரூபிக்க முடியாது. சொன்னவன் பார்க்காம சொல்றவன்.”

அவள் ஊசியைக் காலரிலிருந்து எடுத்து மறுபடி குத்தினாள்.

“இதெல்லாம் என் தம்பி வேலைன்னு சொல்ல வர்றீங்க.”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“உங்களைத் தெரியாதா எனக்கு? நீங்க சொல்லாம விடறதுதான் பெருசு.”

சந்தேகம் ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. அன்று முழுக்க அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஊரில் எத்தனையோ லிஃப்டுகள். கிரீஸ் கை ஏன் அவர் பார்த்த கட்டடத்தைப் பற்றி எழுத வேண்டும்? எழுதியவனே கம்பெனி ஆளாக இருந்தால்? அவர் வழக்கம்போல ‘பார்த்தேன்’ போடுவார் என்று தெரிந்து போட்ட தூண்டிலாக இருந்தால்? அவர் தினமும் ‘பார்த்தேன்’ போடுவது தளத்துக்கு வருகிறவர்களைத் தவிர யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வந்து போகிறவர்களில் யாருக்குத் தெரியும்? மைத்துனன் வாசலில் நின்று போனில் குரலைத் தாழ்த்திப் பேசியது நினைவுக்கு வந்தது. அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான் என்பதும் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனார்.

கீழ்த்தளத்தில் இடது லிஃப்ட் முன் நின்று, கதவுச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தார். ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு மூடி லிஃப்ட் கிளம்பும்போது ஒரு நடுக்கம் வந்தது. நிற்கும்போது இன்னொன்று. பதினோரு வருடப் பழக்கம். உள்ளங்கைக்குத் தெரிந்ததைக் கோர்ட்டில் காட்ட முடியாது.

மூன்றாம் மாடியில் கட்டட ஆபீஸ். படியேறிப் போனார். அங்கிருந்த எழுத்தர் அம்மாள் அவரைப் பார்த்ததும் சிரித்தார்.

“அண்ணே, வழி தெரிஞ்சுதா? நீங்க போனதுலேருந்து இந்த லிஃப்ட் ஆளுங்க மூஞ்சியே ஞாபகம் நிக்கல. மாசத்துக்கு ஒருத்தர் வர்றாங்க.”

“என் பழைய கார்டு இருக்கா பாருங்க. கடைசியா எழுதினது.”

“எல்லாருக்கும் திடீர்னு அந்தக் கார்டு மேல என்ன பாசம்?”

“எல்லாரும்னா?”

“உங்க வக்கீலோட ஆள்னு ஒருத்தர் வந்தாரே. ஒரிஜினல்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். மேனேஜர் ஊர்ல இல்ல, அவர் சொல்லாம தர மாட்டேன்னுட்டேன். நீங்கதானே அனுப்புனீங்க?”

“என்னிக்கு வந்தார்?”

எழுத்தர் மேசைக் காலண்டரைத் திருப்பினார். “போன வாரம். செவ்வாய்க்கிழமை. ஜெனரேட்டர் பார்க்க ஆள் வந்த அன்னிக்குத்தான்.”

லிஃப்ட்காரரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டது புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை அவருக்கு வக்கீல் கிடையாது. வழக்கு இருப்பதே தெரியாது.

எழுத்தர் அலமாரியைத் திறந்து கார்டைத் தேடி எடுத்தார். லிஃப்ட்காரரின் கையெழுத்துதான். ‘ஆறு மாதத்துக்குள் மாற்ற வேண்டும்.’ ஒரு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“எடுத்துட்டுப் போறீங்களா அண்ணே? உங்களுக்குன்னா தரலாம்.”

“வேணாம். நான் எடுத்துட்டுப் போனா இப்பப் புதுசா எழுதினதுன்னுவாங்க. இங்கயே இருக்கட்டும். யார் கேட்டாலும் கொடுக்காதீங்க.”

“நீங்க கேட்டாலுமா?”

“நான் கேட்டாலும்.”

வீட்டுக்கு வந்து செவ்வாய்க்கிழமை விஷயத்தைச் சொன்னார். மனைவி மெஷினை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் தைத்த பிறகு பார்த்தாள், பேண்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்திருந்தாள்.

“அவன் தெரியாம கூட்டிட்டு வந்திருப்பான்.”

“இருக்கலாம்.”

“யாராவது ஏவி விட்டிருப்பாங்க. அவன் ஒரு வெள்ளந்தி.”

“இருக்கலாம்.”

“இருக்கலாம் இருக்கலாம்னு என்னைக் கொல்லாதீங்க. திட்டவாவது செய்ங்க.”

அவளே போன் போட்டு, செவ்வாய்க்கிழமை விஷயத்தைச் சொல்லித் தம்பியை வரச் சொன்னாள். வந்தான். அவள் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து எதிரே நின்றாள். அளவெடுக்க நிற்பது போல் நின்றாள்.

“அந்தக் கட்டடத்துல ரோப் மாத்தியாச்சாடா?”

“மாத்தியாச்சுக்கா. போன வருஷமே.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தானே ஸ்டோர்லேருந்து எடுத்துக் கொடுத்தேன்.”

“எத்தனை மீட்டர்?” என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

மைத்துனன் அவரைப் பார்த்தான். “அதெல்லாம் ஞாபகம் இருக்குமா மாமா?”

“ஒன்பது மாடி. அஞ்சு கயிறு. ரெண்டு பேர் சேர்ந்தாலும் உருட்டத்தான் முடியும், தூக்க முடியாது. மறக்கற சரக்கா அது?”

“என்னை நம்பறதில்லன்னு முடிவு பண்ணிட்டு எதுக்குக் கேள்வி கேக்கறீங்க?” அவன் குரல் உடைந்தது. “அந்த வக்கீலோட ஆள் எங்க போனான், எப்போ போனான், எனக்கு என்ன தெரியும்? நீங்க உள்ள போயிடக் கூடாதுன்னு நாயா அலையறேன். அக்கா, உன் மேல சத்தியமா சொல்றேன். நான் ஸ்டோருக்கு வந்த நாள்லேருந்து எங்க லிஃப்ட் எல்லாத்துக்கும் ரோப் நேரத்துக்குப் போயிருக்கு. ஒண்ணு பாக்கி இல்ல.”

அவள் கண் துடைத்தாள். அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். லிஃப்ட்காரர் அவனைக் கவனித்தார். ஒரே மூச்சில் குடித்தான். பொய் சொல்கிறவன் குடிப்பது போலவும் இருந்தது, தாகமெடுத்தவன் குடிப்பது போலவும் இருந்தது. பாதி நம்பினார்.

வாக்குமூலம் கையெழுத்தில்லாமல் மேசையில் கிடந்தது. வக்கீல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் செய்தார். முதலில் சார் என்றார், அப்புறம் ஐயா என்றார், கடைசியில் ஒன்றும் சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வந்தார். வேறு வக்கீலைப் பார்க்கலாமே என்றாள் மனைவி. பார்த்தார். அவரும் அதையேதான் சொன்னார்: படிக்கவில்லை என்று சொல்வதைத் தவிர இந்தச் சட்டத்தில் வேறு கதவு கிடையாது. ஆக, சொல்லச் சொல்கிறவன் யாராக இருந்தாலும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அதுதான் லிஃப்ட்காரருக்குக் கசந்தது. வக்கீலை மாற்றவில்லை.

விசாரணை நாளன்று காலை அவள் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். கையை மடிப்பெடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

“கையெழுத்தைப் போட்டுடுங்க. யார் என்ன நினைச்சா நமக்கென்ன.”

“அந்த லிஃப்ட்ல ஒரு நாளைக்கு நானூறு பேர் போறாங்க.”

“அந்த நானூறு பேர்ல ஒருத்தராவது உங்களை ஜெயில்ல வந்து பார்ப்பாங்களா? நான்தான் வரணும். பஸ் மாறி மாறி.”

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

கோர்ட் ஐந்தாம் மாடியில். சுவரோரம் வேலை உடுப்போடு ஏழெட்டு மெக்கானிக்குகள் நின்றிருந்தார்கள். சிலரை அவருக்குத் தெரியும், சிலரைத் தெரியாது. அதில் ஒருவன் கிரீஸ் கையாக இருக்கலாம். கைகளைப் பார்த்தார். எல்லோர் கையிலும் கிரீஸ்தான். கடைசி வரிசையில் கம்பெனி மேனேஜர், மடியில் ஒரு ஃபைல். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி மைத்துனன். தெரியாதவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

வக்கீல் வாக்குமூலத்தைப் பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினார். “கடைசி வாய்ப்பு. மூணு இடம்.”

பேனாவை எடுத்தார். எடையில்லாத பேனா. மனைவி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் இடத்துக்கு மேலே அந்த வரி. முப்பதாண்டு. சரிபாராமல். பேனாவைத் திருப்பி வைத்தார்.

நீதிபதி நடுவயதுப் பெண். அன்றைக்கு அவருக்கு இது பதினேழாவது வழக்கு. கமெண்டைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“இதை நீங்க படிச்சீங்களா, இல்ல படிக்காம குறிப்புப் போட்டீங்களா?”

“படிச்சேங்க.”

வக்கீல் எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார்.

“என்னிக்குப் படிச்சீங்க?”

“கீழே தேதி இருக்குங்க. அன்னிக்குத்தான்.”

“நீங்க இப்போ என்ன சொல்றீங்கன்னு உங்களுக்குப் புரியுதா?”

“புரியுதுங்க.”

“ஏன் நீக்கல?”

“உண்மையா இருக்கும்னு பட்டுது. அந்த ரோப்பை நான் பார்த்திருக்கேன். தேஞ்சிருக்கு, ஆறு மாசத்துக்குள்ள மாத்தணும்னு ரெண்டு வருஷம் முன்னாடி கார்டுல எழுதிக் கொடுத்தேன். அந்தக் கார்டு கட்டட ஆபீஸ்ல இன்னும் இருக்கு. யாராவது போய்ப் பார்க்கலாம்.”

அரசு வக்கீல் எழுந்து, கயிறு இந்த வழக்கில் இல்லை என்றார். நீதிபதி ஒப்புக்கொண்டார். “கயிறு என் முன்னாடி இல்ல. நீங்கதான் இருக்கீங்க.”

தட்டச்சு செய்கிறவர் நிமிர்ந்தார். “ஆறு மாசத்துக்குள்ளயா, ஆறு மாசத்துக்கு அப்புறமா?”

“உள்ள,” என்றார் லிஃப்ட்காரர். “கார்டு எங்க இருக்குன்னும் போட்டுக்குங்க.”

அவர் அதையும் தட்டச்சு செய்தார். விசைகளின் சத்தம் நிற்பதற்குள் கடைசி வரிசையில் மேனேஜர் எழுந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அரை மணி நேரத்தில் தீர்ப்பு. ஆறு மாதம். தளத்தை அன்றைக்கே மூட வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஒரு மாத அவகாசம், அதுவரை வெளியே இருக்கலாம். மனைவி முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அழவில்லை. மெக்கானிக்குகள் ஒருவர் பின் ஒருவராக வந்து அவர் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ஒருவன் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தான். அவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

“என் சர்வீஸ்ல இப்படி ஒரு கட்சிக்காரரை நான் பார்த்ததில்ல,” என்றார் வக்கீல், ஃபைலைக் கட்டிக்கொண்டே.

“நீங்க என்னைச் செவ்வாய்க்கிழமையே பார்க்க ஆரம்பிச்சுட்டீங்களாமே.”

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். வேறொரு வழக்கு இருப்பதாகச் சொன்னார்.

வெளியே, வராந்தாவின் கோடியில் லிஃப்ட் கதவு திறந்து நின்றது. காலையில் அதன் முன் பெரிய வரிசை, லிஃப்ட்காரரும் மனைவியும் படியேறி வந்திருந்தார்கள். இப்போது கூட்டமில்லை. உள்ளே கண்ணுக்கு நேராகக் கம்பெனியின் ஸ்டிக்கர், பராமரிப்பு எங்கள் பொறுப்பு என்று. அரசு வக்கீலும் லிஃப்ட்காரரின் வக்கீலும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். நீதிபதியும் வந்து ஏறினார். “வாங்க, இடம் இருக்கு,” என்று அரசு வக்கீல் கதவைப் பிடித்துக்கொண்டார்.

லிஃப்ட்காரர் வேண்டாம் என்று கையசைத்தார். கதவு மூடியது.

மைத்துனன் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தான். லிஃப்ட் பக்கம் அவன் தலை திரும்பவே இல்லை. நேரே படிக்கட்டுக்குப் போனான். ஐந்து மாடி.

“டேய், அது இப்போ திரும்ப வந்துடும். ஏன் நடக்கற?”

“பரவால்லக்கா. நான் நடந்தே வர்றேன்.”

அவள் மூடிய கதவைப் பார்த்தாள். மேலே ஓடும் எண்களைப் பார்த்தாள். நாலு, மூன்று. அப்புறம் படியிறங்கும் தம்பியின் முதுகைப் பார்த்தாள்.

“இங்க ரோப் எப்போடா மாத்துனீங்க?”

அவன் நின்றான். திரும்பவில்லை. கைப்பிடிச் சுவரில் விரலால் எதையோ சுரண்டினான்.

அவள் நாலு படி இறங்கிப் போய் அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

“நீ முன்னால போ,” என்றாள். “நாங்க வந்துக்கறோம்.”